பரஸ்தானப் பெட்டி

நவம்பர் 2, ஞாயிறு

டீச்சர் வரவில்லையாம்.

காலையில் பால் பாக்கெட் எடுக்க வெளியே வந்தபோது, எதிர்வீட்டு வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டார். "சார், நான் படகுக்கு வரல. புனேலேருந்து பையன் போன் பண்ணினான். மருமக வேலைக்குத் திரும்பப் போவுதாம். கொழந்தயப் பாத்துக்க ஆள் வேணுமாம். இருவத்தாறாந் தேதிக்கு டிக்கெட்டே போட்டுட்டான். இனிமே அங்கதான்."

"நல்லதுங்க டீச்சர்," என்றேன்.

வேறு என்ன சொல்வது? மகன் கூப்பிடுகிறான், தாய் போகிறார். இதில் எதிர்வீட்டுக்காரனுக்கு என்ன வந்தது.

ஆனால் ஒன்று. இந்தப் படகு யோசனையே டீச்சருடையது. ஆகஸ்டில் பேப்பரோடு வந்து கதவைத் தட்டினார். கல்கத்தாவில் ஏறி ஹூக்ளி ஆற்றில் மேலே போய்த் திரும்பும் உல்லாசப் படகு. பின்பக்கம் பெரிய சக்கரம் சுற்றித் தண்ணீரைத் தள்ளுமாம். "முப்பது வருஷம் படகுக் கணக்கு போட்டிருக்கேன் சார். ஆத்தோட போக்குல போனா எவ்வளவு நேரம், எதிர்த்துப் போனா எவ்வளவு நேரம். போர்டுல எத்தன படகு விட்டிருப்பேன்! ஒண்ணுலகூட ஏறினதில்ல," என்றார். நானும் அப்படித்தான். பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் காலம் முழுக்கத் தண்ணீரோடு மல்லுக்கட்டியவன். ஆற்றில் போனதில்லை. எங்கள் கோயமுத்தூர் நொய்யலில் படகு விட வேண்டுமென்றால் காகிதத்தில் செய்துதான் விட வேண்டும்.

பெண்கள் அறையில் அவருக்கு ஓர் இடம், ஆண்கள் அறையில் எனக்கு ஓர் இடம் என்று பதிவு செய்தோம். என் மனைவி பார்வதி காலமான பிறகு நான் ஆசைப்பட்டுச் செய்த முதல் காரியம் அது.

மதியம் ரசம் வைத்தேன். உப்புப் போடவில்லை.

நவம்பர் 3, திங்கள்

என் டிக்கெட்டையும் ரத்து செய்யக் கிளம்பினேன். டீச்சர் படிக்கட்டிலேயே மறித்துவிட்டார்.

"நீங்களும் போகலன்னா என் கணக்க யாரு பாக்கறது? ரெண்டு படித்துறைய வச்சுக்குங்க. போறப்ப எவ்வளவு நேரம், வர்றப்ப எவ்வளவு நேரம்னு பாத்து எழுதி அனுப்புங்க. புனே அட்ரஸ் தர்றேன். ஆத்து வேகத்த நான் போட்டுக்கறேன்."

போவதாக முடிவு செய்தேன். கணக்குக்காகத்தான்.

நவம்பர் 6, வியாழன்

காந்திபுரத்தில் டிராவல்ஸ்காரர் கூட்டம் போட்டிருந்தார். சிவானந்தம் என்று பெயர், சின்ன வயது, நல்ல பல். திரையில் படகைக் காட்டினார். வெள்ளை வெளேரென்று இரண்டு மாடி. பின்னால் அந்தச் சக்கரம், சிவப்புப் பெயின்ட், பலகை பலகையாக. நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று கேட்டேன். "மெதுவாத்தானுங்க சுத்தும், பயப்படாதீங்கய்யா," என்றார். பயந்தா கேட்டேன்?

ரப்பர் அடி வைத்த செருப்பு, ஸ்வெட்டர், மாத்திரைகள் கொண்டுவர வேண்டும். மிதவைச் சட்டையை அங்கேயே கொடுப்பார்கள். முன்வரிசை அம்மாள் எழுந்து, தயிர் சாதம் கிடைக்குமா என்று கேட்டார். கைதட்டல். நம் ஜனங்களைக் கப்பலில் ஏற்றினால் என்ன, ராக்கெட்டில் ஏற்றினால் என்ன.

கடைசியில் பெயர் வாசித்தார்கள். என் பெயருக்கு அடுத்து, "அபயாம்பாள்... அபயாம்பாள் வந்திருக்காங்களா?"

ஒரு நிமிடம் யாரென்று புரியவில்லை. "அவங்க வரலீங்க," என்று நான்தான் சொன்னேன். மாயவரத்து அம்மன் பெயர் அது. டீச்சர் பிறந்த ஊர். ஆறு வருடமாக எதிரெதிர்க் கதவு. ஒருநாள்கூட அந்தப் பெயரை நான் சொன்னதில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். வாய்க்குள்தான்.

நவம்பர் 9, ஞாயிறு

ஒத்திகை. நான் சொன்னதல்ல, டீச்சர் சொன்னது. "தண்ணிமேல உங்களுக்குத் தல சுத்துமா சுத்தாதான்னு தெரியாம அனுப்பக் கூடாது சார்." ஆட்டோ பிடித்து வாலாங்குளம் போனோம். இரண்டு பேர் மிதிக்கும் பெடல் போட். ஆரஞ்சுச் சட்டை மாட்டிவிட்டார்கள். டீச்சர் புடவைமேல் அதைப் போட்டுக்கொண்டு, "பாக்க எப்படி இருக்கேன்?" என்றார். சரியாகக் கட்டியிருக்கிறதா என்று கேட்கிறார் என்று நினைத்து, "பக்கிள் சரியா இருக்குங்க," என்றேன். அதற்கு ஏன் சிரித்தார் என்று வீட்டுக்கு வந்துதான் விளங்கியது.

நடுக்குளத்தில் குனிந்து காட்டினேன். "நம்ம மிதிக்கறப்ப பின்னால ஒரு சின்னச் சக்கரம் சுத்துதுங்களே, அந்தப் பெரிய படகும் இதேதானுங்க. தண்ணியப் பின்னால தள்ளுனா நம்ம முன்னால போறோம்."

"பின்னால தள்ளினாத்தான் முன்னால போக முடியும்," என்றார் டீச்சர். அப்புறம் மிதிப்பதை நிறுத்திவிட்டார். நானும் நிறுத்தினேன். படகு காற்றில் தானாக நகர்ந்தது. மேம்பாலத்தில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நாரைகள் இரண்டு நின்றன.

"போதும் சார். நான் போயிட்டு வந்த மாதிரிதான்," என்றார்.

தலை சுற்றவில்லை. ஆனால் இரவு சாப்பாடு இறங்கவில்லை. புனேயில் ஆள் கிடைக்காமலா போய்விட்டது என்று அந்தப் பையனை மனதுக்குள் திட்டினேன். பெற்ற தாயை 'ஆள்' என்கிறான். எனக்கு அவரை எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை, அது வேறு விஷயம்.

நவம்பர் 11, செவ்வாய்

பேப்பர் எடுக்க வெளியே வந்தேன்; காற்றில் கதவு சாத்திக்கொண்டது. சாவி உள்ளே. டீச்சர் அடுப்படி ஆணியிலிருந்து என் வீட்டு மாற்றுச் சாவியை எடுத்துவந்து திறந்துவிட்டார். பித்தளை வேல் வளையம் மாட்டிய சாவி. இந்த வருடத்தில் நாலைந்து முறையாவது வேலை பார்த்துவிட்டது.

"நான் போனப்புறம் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"பேப்பர நிறுத்திருவேனுங்க," என்றேன்.

நவம்பர் 14, வெள்ளி

பஞ்சாங்கத்தோடு வந்தார். கணக்கு டீச்சர் பஞ்சாங்கம் பார்த்தால் தப்பிக்க முடியாது.

"இருவத்துநாலு திங்கள்கிழமை கிளம்பறீங்க. உங்க ராசிக்கு அன்னிக்கு சந்திராஷ்டமம் சார். ஊர விட்டுக் கிளம்பவே கூடாது."

"ஃபிளைட் அன்னிக்குத்தானுங்களே டீச்சர்? சந்திரன்கிட்ட சொல்லி மாத்த முடியுமுங்களா?"

"அதுக்குத்தான் பரஸ்தானம் இருக்கு. நல்ல நாள் பாத்து உங்க பெட்டிய இன்னொரு வீட்டுல கொண்டுபோய் வச்சுடணும். அன்னிக்கே பயணம் கிளம்பிட்டதா கணக்கு. அப்புறம் நீங்க எந்த நாள்ல போனாலும் தோஷம் இல்ல. ஆனா வச்ச பெட்டி திரும்ப உங்க வீட்டு வாசப்படி ஏறக் கூடாது. அதை எடுக்காமலும் நீங்க கிளம்பக் கூடாது. அங்கேருந்து எடுத்துக்கிட்டு நேரா பயணம்தான்."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. மோட்டார் ஓடுகிறதா என்று பார்ப்பவன் நான். நல்ல நேரத்தில் ஓடுகிறதா என்று பார்ப்பதில்லை. யார் வீட்டில் வைப்பது என்று மட்டும் கேட்டேன்.

"ஏன், எங்க வீடு இல்லயா?" என்றார்.

பரஸ்தானம் நல்ல ஏற்பாடுதான் என்று தோன்றுகிறது. பெரியவர்கள் காரணமில்லாமல் எதையும் சொல்வதில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

பெட்டி போயிற்று. என் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு எட்டே அடி. டீச்சர் கூடத்தில் டிவி பக்கத்தில் இடம் ஒதுக்கி, பெட்டிமேல் ஒரு மஞ்சள் துணியும் போட்டார். என் பழைய நீலப் பெட்டி அந்த வீட்டில் இருப்பதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அதற்கு அங்கே இருக்க உரிமை கிடைத்துவிட்டது.

நவம்பர் 17, திங்கள்

படிக்கிற கண்ணாடியைப் பெட்டியில் வைத்துவிட்டேன். போய் எடுத்து வந்தேன். காபி கொடுத்தார்.

நவம்பர் 18, செவ்வாய்

ரத்தக்கொதிப்பு மாத்திரை மொத்தமும் பெட்டியில். வயதானால் இப்படித்தான். கேழ்வரகு அடை.

நவம்பர் 19, புதன்

ஷேவிங் செட்.

"இத தெனம் வேணும்னு தெரியாதா சார் உங்களுக்கு?" என்று கேட்டார்.

"ஞாபகமே இருக்கறதில்லீங்க டீச்சர்."

பெட்டியை இடத்தைவிட்டு நகர்த்தாமல், குனிந்து அவரே திறந்து எடுத்துக் கொடுத்தார். சட்டைகளையெல்லாம் மடித்து அடுக்கி வைத்திருந்தார். நான் திணித்து வைத்தவை அவை. எண்ணெய்ப் பாட்டிலை பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஒழுகாமல் நிறுத்தியிருந்தார். பார்வதிக்குப் பிறகு என் சட்டையை யாரும் மடித்ததில்லை. ஷேவிங் செட்டை வாங்கிக்கொண்டு உடனே வந்துவிட்டேன். அங்கே நின்றிருந்தால் ஏதாவது உளறியிருப்பேன்.

நவம்பர் 20, வியாழன்

பெட்டியில் எடுக்க ஒன்றும் பாக்கி இல்லை.

நவம்பர் 21, வெள்ளி

காலையில் காலிங்பெல். டீச்சர், கையில் மெரூன் நிறப் பெட்டி.

"புதன்கிழமை வடக்க சூலம் சார். எனக்கும் பரஸ்தானம் வைக்கணும். இன்னிக்கு நாள் நல்லா இருக்கு. வைக்க வேற வீடு ஏது?"

சோபா பக்கத்தில் வைத்தார். மற்ற சாமான்களைப் பையன் பிறகு வந்து ஏற்றிக்கொள்வானாம். பெட்டியும் டீச்சரும் முதலில். நான் திங்கள் கிளம்பிவிடுவேன். புதன் காலையில் அவர் மாற்றுச் சாவி போட்டுத் திறந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு, பூட்டி, சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு ஸ்டேஷன் போய்விடுவார். எல்லாம் பேசியாகிவிட்டது. எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது.

பிறகு டீச்சர் வீட்டில் காபி. வெயிலில் காய்ந்த நார்த்தங்காயை ஒரு டப்பாவில் போட்டு, என் பெட்டியில் என் கண் எதிரிலேயே வைத்தார். "கொமட்டினா ஒரு துண்டு வாயில போட்டுக்குங்க."

சாயங்காலம் சோபாவில் உட்கார்ந்து மெரூன் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெட்டி அங்கே, அவர் பெட்டி இங்கே. பெட்டிகளுக்கு இருக்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

நவம்பர் 22, சனி

ஒத்திகை பார்த்தேன், கண்ணாடி முன்னால் நின்று. "போகாதீங்க டீச்சர்." இரண்டே வார்த்தை. நாலு முறை சொல்லிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது. பிறகு எதிர்வீட்டுக்குப் போய் மணியடித்தேன்.

"சொல்லுங்க சார்."

"ஸ்வெட்டர் வச்சனான்னு பாக்கோணுமுங்க," என்றேன்.

வைத்திருந்தேன். டீச்சர் கதவருகே நின்று, "புதன்கிழம போறேன் சார்," என்றார். எனக்குத் தெரியாத சங்கதியைச் சொல்வதுபோல. 'போறேன்' என்று யார் சொன்னாலும், 'போயிட்டு வர்றேன்னு சொல்லணும்' என்று திருத்துகிறவர் அவர். கூரியர் பையனைக்கூட விடமாட்டார். இன்று அவரைத் திருத்த யாருமில்லை. நானும் திருத்தவில்லை.

இதை இங்கேயாவது எழுதிவிடுகிறேன். அவர் போவது எனக்குப் பிடிக்கவில்லை. படகும் வேண்டாம், ஆறும் வேண்டாம். அந்தக் கதவு காலையில் திறக்கும் சத்தம் போதும். கேட்க எந்த உரிமையும் இல்லாததால் கேட்காமல் இருக்கிறேன். அவ்வளவுதான்.

நவம்பர் 24, திங்கள். கல்கத்தா, ஓட்டல் அறை

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு பெட்டியை எடுக்கப் போனேன். டீச்சர் ஒரு ஸ்பூன் தயிர் கொடுத்தார். திங்கள்கிழமை கிழக்கே சூலமாம், அதற்குத் தயிர் பரிகாரமாம். சாப்பிட்டேன். பெட்டியை வாசலுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் உள்ளே ஒதுங்கினார்.

"நீங்க லிஃப்டுல ஏறிடுங்க சார். அப்புறம் நான் வெளிய வர்றேன். நல்ல காரியமாக் கிளம்பறீங்க, நான் எதுக்க வரக் கூடாது."

புரிய எனக்கு ஒரு நொடி ஆயிற்று. தாலி இல்லாதவர் எதிரே வந்தால் சகுனம் சரியில்லையாம். என் சந்திராஷ்டமத்துக்கு வழி கண்டுபிடித்தவர், எனக்காகச் சூலத்துக்குத் தயிர் கொடுத்தவர், தன்னைத் தோஷம் என்று நினைத்துக் கதவுக்குப் பின்னால் நிற்கிறார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த வார்த்தை எதுவும் வரவில்லை. வேறொன்று வந்தது.

"நீங்க எதுக்க வந்து நின்னாத்தானுங்க நான் போவேன். இல்லீன்னா இந்தப் பெட்டி இங்கியே கெடக்கட்டும். நானும் இங்கியே நிக்கறேன். எனக்கு உங்க மூஞ்சியப் பாத்துட்டுப் போறதுதானுங்க சகுனம். வேற சகுனமெல்லாம் எனக்கு வேண்டாம்."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மேல்மாடியில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

டீச்சர் வந்தார். எதிரே வந்து நின்றார். மூக்கு சிவந்திருந்தது. கீழே டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான்.

பிறகு திடீரென்று, "ஒரு நிமிஷம் சார், நார்த்தங்கா வைக்க மறந்துட்டேன்," என்று பெட்டியை இழுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனார். ஜிப் சத்தம் கேட்டது. திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளிக்கிழமையே வைத்ததை நான் பார்த்தேனே. டீச்சருக்கும் மறதி வந்துவிட்டது போல.

லிஃப்ட் கதவு மூடும்வரை எதிரிலேயே நின்றார்.

நவம்பர் 25, செவ்வாய். படகில்

ஏறிவிட்டேன். அறையில் கூட இருப்பவர் ஈரோட்டுக்காரர், மஞ்சள் மண்டி வைத்திருக்கிறார், படுத்த உடனே குறட்டை விடுகிறார்.

மதியம் புறப்பட்டது. நேராகப் பின்பக்கம் போய் நின்றேன். சக்கரம் முதலில் தயங்கித் தயங்கித் திரும்பியது, பிறகு பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு பலகையும் தண்ணீரை அள்ளி, மேலே தூக்கி, சொட்டச் சொட்ட மறுபடி உள்ளே இறங்குகிறது. பெரிய ஆள் ஒருவர் நிதானமாகத் துணி துவைப்பதுபோல் சத்தம். எதிர்நீரோட்டம், அதனால் மெதுவாகத்தான் போகிறது. கரையில் குளிக்கிற பிள்ளைகள் கையசைத்தார்கள். நானும் அசைத்தேன். பக்கத்தில் ஆரஞ்சுச் சட்டையில் ஒருவர் நின்று, 'பாக்க எப்படி இருக்கேன்' என்று கேட்க வேண்டிய இடம் அது. இந்த முறை சரியாகப் பதில் சொல்லியிருப்பேன். இவ்வளவு அழகைத் தனியாகப் பார்ப்பது பெரிய தண்டனை.

முதல் படித்துறையைத் தாண்டும்போது மணி பார்த்துக் குறித்துக்கொண்டேன்.

சாயங்காலம் வயிற்றைப் பிரட்டியது. நார்த்தங்காய் ஞாபகம் வந்து பெட்டியைத் திறந்தேன். டப்பா ஒன்றுதான் இருந்தது, வெள்ளிக்கிழமை வைத்தது. திறந்தேன். மேலே டீச்சருடைய கைக்குட்டை, முடிச்சுப் போட்டு. அவிழ்த்தேன்.

பித்தளை வேல் வளையம். என் வீட்டு மாற்றுச் சாவி.

முதலில் பதறிவிட்டேன். நாளைக்கு அவர் எப்படிக் கதவைத் திறப்பார், பெட்டியை எப்படி எடுப்பார், ரயிலுக்கு எப்படிப் போவார்? போனை எடுத்தேன். எண்ணை அழுத்தப் போனேன்.

அப்புறம் அந்த முடிச்சைப் பார்த்தேன். தற்செயலாக விழுந்த சாவி முடிச்சுப் போட்டுக்கொள்ளாது.

போனைக் கீழே வைத்தேன். நார்த்தங்காய் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. காரம் ஒன்றும் இல்லை அதில்.

நவம்பர் 26, புதன். படகில்

காலையிலேயே டீச்சர் போன். மேல்தளத்தில், சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று எடுத்தேன்.

"ஸ்டேஷனுக்குக் கெளம்பிட்டீங்களா டீச்சர்?"

"எங்க சார் கெளம்பறது? உங்க வீட்டுச் சாவியக் காணோம். அடுப்படி ஆணியிலதான் மாட்டியிருந்தேன். பரஸ்தானம் வச்ச பெட்டிய எடுக்காம எப்படிப் போறது? பூட்டுக்காரனக் கூப்பிடும்மாங்கறான் பையன். ஊருல இல்லாதவர் வீட்டுப் பூட்ட ஒடைக்கறதாடான்னு சத்தம் போட்டேன். டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டான்."

"அடடா," என்றேன். சாவி என் உள்ளங்கையில் இருந்தது.

"கோவமாத்தான் இருக்கான். கொழந்தைக்கு அங்கயே ஒரு ஆள் போட்டுக்கடான்னு சொல்லிட்டேன். அப்புறமா ஒரு தடவ நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்."

பார்த்துவிட்டு வருகிறாராம். அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன சார் அது சத்தம்?"

"சக்கரமுங்க." போனைக் கம்பிக்கு வெளியே நீட்டிக் கொஞ்ச நேரம் கேட்க வைத்தேன். மறுபடி காதில் வைத்தேன்.

"எதிர்நீரோட்டமுங்க டீச்சர். மெதுவாத்தான் போகுது."

"திரும்பறப்ப ஆத்தோட போக்குல வரும் சார். நேரம் கொறையும்."

"எவ்வளவு கொறையுமுங்க?"

"அத நீங்கதானே பாக்கணும். வந்து சொல்லுங்க."

எழுதி அனுப்பச் சொன்னவர், வந்து சொல்லச் சொன்னார். இதற்குமேல் நானும் மறதிக்காரனாகவே இருந்தால் மனிதனில்லை.

"அபயாம்பாள்," என்றேன். வெளியில் சொன்னது முதல் தடவை. "இனிமே சாவியத் தேடாதீங்க."

சக்கரம் நாலு பலகை இறங்கி ஏறியது.

"நான் எங்க தேடினேன்?" என்றார்.